லூயிசியாவைக் கொன்றது குளிர் இல்லை

கேள்வி: நாங்கள் வாஷிங்டன் மாநிலத்தில், ரெட்மண்டில் இருக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம் லெவன்வொர்த் பக்கம் ஐசிக்கிள் பள்ளத்தாக்கில் நடக்கப் போனபோது, பாறை இடுக்கில் பீச் பழ நிறத்தில் பெரிய பூக்களோடு ஒரு செடியைப் பார்த்தேன். அது ட்வீடி லூயிசியா என்று பிறகு தெரிந்துகொண்டேன். போன வருடம் ஒரு செடி விற்பனையில் ஒன்று வாங்கி, வீட்டின் முன்னால் கல் அடுக்கி, நல்ல கம்போஸ்ட் கலந்த மண் போட்டு நட்டேன். குளிர் தாக்கக்கூடாது என்று இலைச்சருகால் மூடியும் வைத்தேன். பிப்ரவரியில் தொட்டுப் பார்த்தால் செடியின் கொண்டை அப்படியே கையோடு வந்துவிட்டது. அடியில் பழுப்பு நிறக் கூழ். இந்த வசந்தத்தில் இன்னொன்று வாங்கி, இன்னும் நர்சரித் தொட்டியிலேயே வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் தினமும் சாயங்காலம் அதற்குத் தண்ணீர் விடுகிறார். இதையாவது எப்படிக் காப்பாற்றுவது? மலையிலேயே ஒன்றைத் தோண்டி எடுத்து வந்தால் இந்த மாநிலத்து மண்ணுக்குப் பழகிய செடியாக இருக்குமே என்கிறார் தோழி ஒருவர். செய்யலாமா? (வாசகி, ரெட்மண்ட்)

பதில்:

உங்கள் முதல் செடி குளிரில் சாகவில்லை. அழுகிச் செத்திருக்கிறது. கம்போஸ்ட் ஈரத்தைப் பிடித்து வைத்தது, இலைச்சருகு அந்த ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டது, நவம்பரிலிருந்து பெய்த மழை மிச்ச வேலையை முடித்தது. கொண்டை கையோடு வருவதும் அடியில் கூழ் இருப்பதும் கழுத்து அழுகலின் அடையாளம். வேரும் இலைக்கொத்தும் சேரும் இடத்தைத்தான் கழுத்து என்கிறோம். இந்தச் செடியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நர்சரி வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்த ஊரில் லூயிசியா இழந்தவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் இழக்கிறார்கள். அதனால் மனம் விட வேண்டாம்.

செடி எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது புரிந்தால் மற்றதெல்லாம் உங்களுக்கே தோன்றிவிடும்.

தேனி, கம்பம் பக்கம் போனவர்களுக்கு ஒன்று தெரியும். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். இந்தப் பக்கம் இறங்கினால் காற்று மட்டும்தான் வரும். கேஸ்கேட் மலைத்தொடரும் அப்படித்தான். பசிபிக் கடலிலிருந்து வரும் மேகம் மேற்குச் சரிவில் ஏறும்போதே தன்னிடம் இருப்பதை இறக்கிவிடுகிறது. சியாட்டிலில் வருடத்துக்கு ஏறக்குறைய 38 அங்குல மழை. ஸ்டீவன்ஸ் கணவாயைத் தாண்டி லெவன்வொர்த் போனால் 25 அங்குலத்துக்குப் பக்கம், அதிலும் பெரும்பகுதி குளிர்காலத்தில் பனியாக விழுகிறது. இன்னும் அரை மணி நேரம் ஓட்டி வெனாட்சீ நகருக்குப் போனால் 9 அங்குலம்தான். லெவன்வொர்த்துக்குக் கிறிஸ்துமஸ் விளக்கு பார்க்கப் போகும்போது நீங்களே கவனித்திருப்பீர்கள்: கணவாய்க்கு இந்தப் பக்கம் பாசி படர்ந்த ஹெம்லாக் காடு, அந்தப் பக்கம் விட்டுவிட்டு நிற்கும் பாண்டரோசா பைன் மரங்கள், நடுவே வெறும் பாறை.

ட்வீடி லூயிசியாவின் சொந்த வீடு அந்த உலர்ந்த பக்கம்தான். வெனாட்சீ மலைகளும் அதை ஒட்டி வடக்கே உள்ள பகுதிகளும் போக, கனடாவில் மானிங் பூங்காவை ஒட்டி மிகச் சில இடங்களில் மட்டும் வளர்கிறது. அங்கே அதை அழியும் ஆபத்தில் உள்ள செடியாகப் பட்டியலிட்டிருக்கிறார்கள். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 1882-இல் நில அளவை வேலையாக வந்த ஃபிராங்க் ட்வீடி என்பவர் இதைச் சேகரித்தார். ஐந்து வருடம் கழித்து ஹார்வர்டு தாவரவியலாளர் ஆசா கிரே அவர் பெயரையே இதற்கு வைத்தார். அப்புறம் பேரினம் பல முறை மாறிவிட்டது. 1999-இலிருந்து லூயிசியாப்சிஸ் ட்வீடியை என்பது சரியான பெயர். ஆனால் செடி வளர்க்கிறவர்கள் யாரும் லூயிசியா என்ற பழைய பெயரை விடுவதாக இல்லை, நானும்தான். விதைப் பட்டியலில் இரண்டு பெயரிலும் தேடிப் பாருங்கள்.

ஆல்பைன் செடி என்று அட்டையில் எழுதி விற்றிருப்பார்கள். கறாராகப் பார்த்தால் இது மர எல்லைக்கு மேலே வாழும் உச்சிமலைச் செடி இல்லை. சில நூறு மீட்டர் உயரத்திலிருந்தே, பைன் மர நிழல் லேசாகப் படும் சரிவுகளில் வளர்கிறது. பராமரிப்பு ஒரே மாதிரி என்பதால் நர்சரிக்காரர்கள் எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்துவிடுகிறோம்.

நீங்கள் பார்த்த பாறை இடுக்கை மறுபடி நினைத்துப் பாருங்கள். அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கிரானைட் வகைக் கல். உடைந்து உதிர்ந்த கல்குருணையில்தான் செடி உட்கார்ந்திருக்கும். சதைப்பற்றான, முள்ளங்கி மாதிரி தடித்த வேர் இடுக்குக்குள் ஆழமாக இறங்கி, அங்கே இருக்கும் கொஞ்சம் ஈரத்தைத் தேடிக்கொள்ளும். கழுத்து மட்டும் வெளியே, காற்றுப் படும்படி, சரிவில் சாய்ந்து இருக்கும். மேலே விழும் தண்ணீர் ஒரு நிமிடம்கூடத் தங்காது. குளிர்காலத்தில் மைனஸ் 10 டிகிரிக்கும் கீழே போகும், செடி கவலைப்படாது. பனி போர்வையாக மூடிவிடுகிறது. அதற்கு அடியில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டியே நிற்கும், உறைந்த பனியிலிருந்து தண்ணீரும் சொட்டாது. மார்ச், ஏப்ரலில் பனி உருகும்போதுதான் வயிறு நிறையக் குடிக்கிறது. மே, ஜூனில் பூத்துவிட்டு, செப்டம்பர் வரை மழையே பார்க்காமல் கிடக்கிறது.

இதை ரெட்மண்டோடு ஒப்பிடுங்கள். கோடை உங்களுக்கும் வறட்சிதான், அது வசதி. சிக்கல் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. நாலைந்து டிகிரி குளிரில் தினமும் நசநசவென்று தூறல். செடி உறங்கவும் முடியாமல் வளரவும் முடியாமல் நனைந்தபடியே நிற்கிறது. பூஞ்சைக்கு அதைவிடத் தோதான பருவம் கிடையாது.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது மழை படாத ஓர் இடம். பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை, உங்கள் வீட்டிலேயே அது இருக்கிறது. சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கூரையின் இறவாரத்துக்கு அடியில் போய்ப் பாருங்கள். நல்ல மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தால், எந்தப் பக்கத்தில் எத்தனை அடிக்கு மண் நனையாமல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். இந்தப் பகுதியில் குளிர்கால மழைக்காற்று பெரும்பாலும் தெற்கு, தென்மேற்கிலிருந்து அடிக்கும். அதனால் கிழக்கு அல்லது வடகிழக்குச் சுவர் ஓரம் உலர்வாக இருக்க வாய்ப்பு அதிகம். காலை வெயில் அங்கே கிடைக்கும், பிற்பகல் சூடும் அடிக்காது. லூயிசியாவுக்கு இரண்டும் பிடிக்கும். முன்வாசலில் கல் அடுக்கியது அழகுக்குச் சரி. இந்தச் செடிக்கு அந்த இடம் வேண்டாம்.

அந்தச் சுவர் ஓரத்தில், கூரைத் தண்ணீர் சொட்டும் கோட்டுக்கு உள்ளே, ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு மேடு கட்டுங்கள். வீட்டுச் சுவரில் மண் சேராமல் ஓர் இடைவெளி விட்டுவிடுங்கள், மரச்சுவர் என்றால் கட்டாயம். கற்களைப் படுக்க வைக்காமல், அலமாரியில் புத்தகம் நிற்பதுபோல நிறுத்தி வைத்து, இரண்டு கல்லுக்கு நடுவே ஒன்று, ஒன்றரை அங்குல இடுக்கு விடுங்கள். கல் மண்ணுக்குள் பாதிக்கு மேல் புதைந்திருக்கட்டும். இடுக்குகளை நிரப்பும் கலவை: பியூமிஸ் எனும் எரிமலை நுரைக்கல் குருணை மூன்று பங்கு, கோழித்தீவனக் கடையில் கிடைக்கும் கிரானைட் குருணை இரண்டு பங்கு, சொரசொரப்பான மணல் ஒரு பங்கு, சலித்த தோட்டமண் ஒரு பங்கு. கம்போஸ்ட் வேண்டவே வேண்டாம். குழந்தைகள் விளையாடும் நைஸ் மணலும் வேண்டாம். அது சிமென்ட் மாதிரி இறுகிக்கொள்ளும். கோழிக் கடையில் குருணை வாங்கும்போது சிப்பி ஓட்டுக் குருணையை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், மூட்டையில் கிரானைட் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஓடு சுண்ணாம்பு, இந்தச் செடி கிரானைட் சரிவில் வளர்ந்தது.

கலவையைப் பார்த்தால், இதில் எப்படிச் செடி பிழைக்கும் என்று உங்கள் வீட்டில் எல்லோரும் கேட்பார்கள். கேட்கட்டும்.

இப்போது கையில் இருக்கும் செடி. செப்டம்பர் ஆகிவிட்டது, உடனே நட்டுவிடலாம் என்று கை துறுதுறுக்கும். நடாதீர்கள். இன்னும் ஐந்தாறு வாரத்தில் மழை ஆரம்பித்துவிடும். வேர் பிடிக்காத செடி அதைத் தாங்காது. மேட்டை இப்போதே கட்டிவிட்டு, கலவை படிந்து இறங்கட்டும் என்று குளிர்காலம் முழுக்கச் சும்மா விடுங்கள். செடி தொட்டியிலேயே, அதே இறவாரத்துக்கு அடியில் இருக்கட்டும். வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். கதகதப்பும் மங்கலான வெளிச்சமும் சேர்ந்தால் நீண்டு வெளிறிப்போகும், அடுத்த வருடம் பூவும் வராது. நர்சரித் தொட்டியில் பீட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் மட்கிய பாசி) கலந்த கலவை இருந்தால், இந்த வாரமே ஒரு வேலை மட்டும் செய்யுங்கள்: மேலே உள்ள ஓர் அங்குலக் கலவையை விரலால் மெதுவாக எடுத்துவிட்டு, கழுத்தைச் சுற்றி வெறும் கிரானைட் குருணை போடுங்கள். கழுத்து குருணையில் உட்கார வேண்டும், புதையக்கூடாது.

மார்ச் மாதம் நடும்போது தொட்டியிலிருந்து எடுத்து, வேரில் ஒட்டியிருக்கும் பீட் முழுவதையும் வாளித் தண்ணீரில் அலசி எடுத்துவிடுங்கள். பலர் இதைச் செய்யப் பயப்படுவார்கள். ஆனால் பீட் உருண்டையோடு நட்டால், சுற்றிலும் கல் காய்ந்திருக்க, நடுவில் ஒரு ஈரப் பஞ்சு கழுத்தைக் கட்டிக்கொண்டே கிடக்கும். தடித்த வேரில் எங்காவது காயம் பட்டால், ஒன்றிரண்டு நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள், ஒன்றும் ஆகாது. இடுக்கில் சாய்வாக வையுங்கள். இலைக்கொத்து வானத்தைப் பார்க்காமல் பக்கவாட்டில் பார்க்கட்டும். கழுத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்குக் குருணை.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். அவர் செய்வது ஊர் வெயிலுக்குச் சரியான காரியம்தான். இந்தச் செடிக்கு மட்டும் அது எமன். இதில் ஒரு வம்பு இருக்கிறது: வேர் அழுக ஆரம்பித்தாலும் இலை வாடும். வாடுகிறதே என்று தண்ணீர் விடுவோம், இன்னும் வாடும், இன்னும் விடுவோம். எனவே இலையைப் பார்த்து முடிவு செய்யாமல் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்து இலையும் வாடியிருந்தால் அழுகல். லேசாக இருந்து இலை சற்றுத் தொய்ந்திருந்தால் தாகம். தாகம் என்றாலும் அவசரமில்லை, ஒரு வாரம் பொறுக்கும். அவரிடம் கறிவேப்பிலைத் தொட்டியையும் தக்காளியையும் ஒப்படைத்துவிட்டு, இதை அவர் கண்ணில் படாத பக்கம் நகர்த்திவிடுவது குடும்பத்துக்கும் நல்லது, செடிக்கும் நல்லது.

தண்ணீர்க் கணக்கு மாதத்துக்கு மாதம் மாறும். இறவாரத்துக்கு அடியில் மழை வராது என்பதால் வசந்தத்தில் நீங்கள்தான் விட வேண்டும். பனி உருகும் காலம் அது, செடி வளரும் நேரம். மார்ச்சிலிருந்து பூ முடியும்வரை வாரம் ஒருமுறை, இலையில் படாமல், மேட்டின் மேல்பக்கத்திலிருந்து இறங்கும்படி நன்றாக விடுங்கள். பூ முடிந்ததும் குறைத்துக்கொண்டே வந்து, ஜூலை, ஆகஸ்டில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும், அதுவும் காலையில். செப்டம்பர் கடைசியில் லேசாக ஒன்றிரண்டு தடவை. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மேட்டில் இருக்கும் செடிக்கு ஒன்றுமே வேண்டாம். தொட்டியில் இருப்பதற்கு, வேர் சுருங்காமல் இருக்க, மாதம் ஒருமுறை அடித்தட்டில் அரைக் கோப்பை விட்டு, அரை மணியில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். உரம் என்று பார்த்தால், ஏப்ரலில் தக்காளிக்குப் போடும் திரவ உரத்தைச் சொன்ன அளவில் பாதிக்குக் கரைத்து ஒருமுறை. தழைச்சத்து அதிகமானால் இலை கொழுகொழுவென்று பருக்கும், பார்க்க அழகாகவும் இருக்கும், முதலில் அழுகுவதும் அதுதான்.

வாடிய இலையையும் பூக்காம்பையும் விட்டு வைக்காதீர்கள். அதில்தான் சாம்பல் பூஞ்சை குடியேறும். காய்ந்த இலையைப் பக்கவாட்டில் மெல்ல இழுத்தால் வந்துவிடும். வரவில்லை என்றால் இன்னும் காயவில்லை என்று அர்த்தம், விட்டுவிடுங்கள். நத்தைக்கும் ஓடில்லா நத்தைக்கும் இந்தச் சதை இலை விருந்து. மான் வந்து மேய்கிற தெரு என்றால் ஒரு கம்பி வலை போட்டுவிடுங்கள்.

அழுகல் ஆரம்பத்திலேயே கண்ணில் பட்டால் செடியைக் காப்பாற்ற முடியும். கொண்டை லேசாக ஆடினாலோ, அடி இலை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டாலோ உடனே தோண்டி எடுங்கள். கூர்மையான, சுத்தமான கத்தியால் பழுப்பு முழுவதையும் வெட்டி எறியுங்கள். வெள்ளையாக, உறுதியான சதை தெரியும்வரை வெட்ட வேண்டும், இரக்கம் பார்க்கக்கூடாது. வெட்டிய இடத்தில் கந்தகத் தூள் தடவி, நிழலில் நாலைந்து நாள் காயவைத்து, வெறும் பியூமிஸில் நட்டு, இரண்டு வாரம் தண்ணீர் காட்டாமல் வையுங்கள். பாதிச் செடிகளாவது பிழைக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் எப்படியும் சாகப்போகிற செடிக்கு இதைவிட வேறு வைத்தியம் இல்லை.

தோழி சொன்ன யோசனைக்கு என் பதில்: கூடாது. நீங்கள் பார்த்த இடம் ஒகனோகன்-வெனாட்சீ தேசியக் காட்டுக்குள் வருகிறது. அனுமதி இல்லாமல் அங்கே செடி தோண்டுவது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், தோண்டினாலும் பிழைக்காது. அந்த வேர் பாறைக்குள் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. மேல் துண்டு மட்டும் கையில் வரும். இந்த மாநிலத்து மண்ணுக்குப் பழகியது என்ற வாதமும் நிற்காது. மாநிலம் ஒன்றுதான், மலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் வானிலை வேறு. நர்சரியில் விதையிலிருந்து வளர்ந்த செடிதான் இங்கே பழகியது.

இன்னொரு செடி வேண்டும் என்றால் அதற்குமுன் லூயிசியா காட்டிலீடன் ஒன்றிரண்டு வாங்கி அதே மேட்டில் வைத்துப் பாருங்கள் என்பேன். தெற்கு ஓரிகன், வட கலிபோர்னியா எல்லையில் உள்ள சிஸ்கியூ மலைக்காரி. பூ சின்னது, ஆனால் கொத்துக் கொத்தாக வரும். இளஞ்சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று கலப்பினங்கள் ஏப்ரலில் சாதாரணத் தோட்டக் கடையிலேயே கிடைக்கும். விலையும் குறைவு, ஈரத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பொறுக்கும். ஒரு குளிர்காலத்தை அது தாண்டிவிட்டால் உங்கள் மேடு சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பெல்வியூ தாவரவியல் தோட்டத்தில் ஆல்பைன் பாறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். கல்லை எவ்வளவு ஆழம் புதைத்திருக்கிறார்கள், குருணை எவ்வளவு தடிமன் என்று நேரில் பார்த்துவிட்டு வந்து மேடு கட்ட ஆரம்பியுங்கள்.

ட்வீடியையே நிறைய வளர்க்க ஆசை என்றால் விதைதான் மலிவான வழி. வட அமெரிக்கப் பாறைத் தோட்டச் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒவ்வொரு குளிர்காலமும் விதைப் பரிமாற்றம் நடத்துகிறது. அல்லது உங்கள் செடியே காய்த்தால், பூ முடிந்து சில வாரத்தில் காய் பழுப்பாகும்போதே எடுத்துவிடுங்கள். விதையின் நுனியில் சதை மாதிரி ஒரு துணுக்கு ஒட்டியிருக்கும், அதற்காக எறும்பு தூக்கிக்கொண்டு போய்விடும். மேட்டுக்குப் போட்ட அதே கலவையைத் தொட்டியில் நிரப்பி, விதை தூவி, மேலே கால் அங்குலத்துக்குக் குருணை போட்டு, அக்டோபரில் வெளியே இறவாரத்துக்கு அடியில் வைத்துவிடுங்கள். இந்த விதைக்கு இரண்டு மூன்று மாதம் ஈரமான குளிர் வேண்டும். அதனால் தொட்டி லேசாக ஈரமாகவே இருக்கட்டும், வளர்ந்த செடிக்குச் சொன்ன வறட்சி இதற்குப் பொருந்தாது. பிப்ரவரி, மார்ச்சில் சில முளைக்கும், சில முளைக்காது. ஒன்றுமே வரவில்லை என்றாலும் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், அடுத்த வசந்தம் வரை வைத்திருங்கள். இரண்டாவது வருடம் முளைப்பது இந்தச் செடியின் வழக்கம். முளைத்தவை பூக்க மூன்று வருடம் ஆகும்.